லாரி எங்கே? மஸ்ட், மே, மைட், குட்: ஊகத்துக்கு எந்த ஆங்கிலச் சொல்லை எடுப்பது

ஆங்கிலத்தில் ஒன்றை ஊகித்து எழுதும்போது கை தயங்குவது வினைச்சொல்லுக்கு முன்னால்தான். அங்கே மஸ்ட் போடுவதா, மே போடுவதா, மைட்டா, குட்டா, ஷுட்டா? (இங்கே குட் என்று நான் எழுதுவது கேன் என்பதன் ஜோடியை, ‘நல்லது’ என்று பொருள்படும் சொல்லை அல்ல.) பள்ளியில் இவற்றையெல்லாம் படித்திருப்போம். ஆனால் வாடிக்கையாளருக்கு மெயில் எழுதும் அவசரத்தில் பலரும் ‘மே பி’ என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். தப்பாகப் போனாலும் நம் மேல் பழி வராது என்ற நம்பிக்கை அது. ஆனால் மெயிலைப் படிப்பவர் ஒரு முடிவெடுக்கக் காத்திருக்கிறார். அவருக்கு அந்த ‘மே பி’யால் எந்த உதவியும் இல்லை.

பயிற்சிப் புத்தகங்களில் இதற்கு ஒரு படம் போட்டிருப்பார்கள். மேலே மஸ்ட், 95 சதவீதம். அதற்குக் கீழே மே, 50. இன்னும் கீழே மைட், 30. பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் ஊகிக்கும்போது யாரும் மனதுக்குள் சதவீதம் போட்டுப் பார்ப்பதில்லை. அப்படியே போட்டாலும், மைட் என்று படிப்பவர் மனதில் 30 என்ற எண் வரப்போவதும் இல்லை. என் கருத்தில் இரண்டு கேள்விகள் போதும். கையில் என்ன ஆதாரம் இருக்கிறது? படிப்பவர் இதை வைத்து என்ன செய்யப் போகிறார்? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சும்.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. இரவு கிளம்பிய கன்டெய்னர் லாரி கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் சென்னைத் துறைமுகம் போக வேண்டும். பள்ளிகொண்டா டோல்கேட்டில் ஃபாஸ்டேக் பணம் கழிந்த குறுஞ்செய்தி அதிகாலை 3:40-க்கு வந்தது. அடுத்த டோல்கேட் வாலாஜா. சாதாரணமாக ஒன்றரை மணி நேரத்துக்குள் வாலாஜா செய்தி வந்துவிடும். இப்போது மணி 6:30. செய்தி வரவில்லை, ஓட்டுநரின் போனும் அணைந்திருக்கிறது. மதியத்துக்குள் லாரி துறைமுகத்துக்குள் போகாவிட்டால் கப்பல் போய்விடும். சென்னையில் இருக்கும் ஏஜென்ட்டுக்கு இப்போது ஆங்கிலத்தில் ஒரு மெயில் எழுத வேண்டும். என்ன எழுதுவது?

மஸ்ட்: ஆதாரம் இருந்தால் மட்டும்

“தி ட்ரக் மஸ்ட் பி பிட்வீன் பள்ளிகொண்டா அண்ட் வாலாஜா.” இந்த வாக்கியம் நிற்கும். ஒரு டோல்கேட்டைத் தாண்டியதற்குச் செய்தி இருக்கிறது, அடுத்ததைத் தாண்டியதற்கு இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் லாரி நடுவில்தான் இருக்க வேண்டும். ஆதாரத்தில் தொடங்கி, மற்ற வழிகளை அடைத்து, மிஞ்சியதைச் சொல்வதுதான் மஸ்ட் செய்யும் வேலை.

“தி ட்ரக் மஸ்ட் பி ஸ்டக் இன் ட்ராஃபிக்” என்பது நிற்காது. போக்குவரத்து நெரிசல் என்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. டயர் வெடித்திருக்கலாம், ஓட்டுநர் தூங்கியிருக்கலாம். நெரிசல் என்பது மனதில் முதலில் வந்த காரணம், அவ்வளவுதான். ஆனால் மஸ்ட் என்று போட்டதும் ஏஜென்ட் அதை விசாரித்துச் சொன்ன செய்தியாக எடுத்துக்கொள்வார். “நெரிசல்தானே, பத்து மணிக்குள் வந்துவிடும்” என்று மாற்று ஏற்பாட்டைத் தள்ளிப்போடுவார். அங்கேதான் கப்பல் தவறுகிறது.

மஸ்ட் எவ்வளவு உறுதியானது என்பதில் மொழியியலாளர்களே வாதிட்டிருக்கிறார்கள். லௌரி கார்ட்டுனன் 1972-இல் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். தர்க்கப்படி பார்த்தால் ‘கட்டாயம் அப்படித்தான்’ என்பது ‘அப்படி’ என்பதைவிட வலுவாக இருக்க வேண்டும். ஆனால் பேச்சில் “இட் மஸ்ட் பி ரெய்னிங்” என்பது “இட் இஸ் ரெய்னிங்” என்பதைவிடக் குறைவான உறுதியோடு ஒலிக்கிறது. கை வான் ஃபின்டலும் அந்தோனி கில்லீஸும் 2010-இல் இதற்கு வேறொரு விளக்கம் தந்தார்கள்: மஸ்ட் பலவீனமானது அல்ல, பேசுபவர் நேரில் பார்க்கவில்லை, வேறொன்றிலிருந்து முடிவுக்கு வந்திருக்கிறார் என்பதற்கான அடையாளம் அது. நனைந்த குடையோடு ஒருவர் உள்ளே வருகிறார். “இட் மஸ்ட் பி ரெய்னிங்” என்கிறோம். ஜன்னல் வழியாக மழையையே பார்த்துக்கொண்டு யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இந்த விளக்கம் அலுவலக எழுத்துக்கு மிகவும் பயன்படுவது. “தி ட்ரக் மஸ்ட் ஹேவ் லெஃப்ட் ஓசூர் அட் டென்” என்று எழுதினால், லாரி கிளம்பியதை நீங்கள் சரிபார்க்கவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கேட்பாஸ் கையில் இருந்தால் “தி ட்ரக் லெஃப்ட் அட் டென்” என்று நேராக எழுதுங்கள். உறுதியாக ஒலிக்கட்டும் என்று நினைத்து மஸ்ட் சேர்ப்பவர்கள் உண்மையில் உறுதியைக் குறைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் படுகிறது.

அப்புறம் ஒரு வடிவச் சிக்கல். “தி டிரைவர் மஸ்ட் ஸ்லீப்” என்றால் ஓட்டுநர் கட்டாயம் தூங்க வேண்டும் என்ற உத்தரவு. “தி டிரைவர் மஸ்ட் பி ஸ்லீப்பிங்” என்றால்தான் தூங்கிக்கொண்டிருக்கிறார் போல என்ற ஊகம். ஓடு, தூங்கு, போ போன்ற செயலைக் குறிக்கும் வினைகளோடு மஸ்ட்டை ஊகமாக்க ‘பி’யும் ‘இங்’கும் வேண்டும். நடந்து முடிந்ததற்கு ‘ஹேவ்’ வேண்டும். நாளைக்கு நடக்கப்போவதை ஊகிக்க மஸ்ட் உதவவே உதவாது. “இட் மஸ்ட் ரெய்ன் டுமாரோ” என்று எழுதினால், நாளை மழை பெய்தே ஆகணும் என்று நாம் அடம்பிடிப்பது போலப் படிக்கப்படும்.

தமிழிலிருந்து போகும்போது கால் இடறும் இடம்

நாம் தமிழில் அதிகம் பயன்படுத்தும் ஊகம் எது? “இந்நேரம் வேலூர் தாண்டியிருக்கும்.” எதிர்கால விகுதியை இறந்த காலத்தின் மேல் வைத்துவிடுகிறோம், வேலை முடிந்தது. இதில் இருக்கும் உறுதி ஒரு நடுத்தர உறுதி. ஆதாரத்தை அடுக்கி நிரூபித்ததும் இல்லை, எதுவும் நடந்திருக்கலாம் என்று கைவிரித்ததும் இல்லை. அனேகமாக அப்படித்தான் என்ற நிலை.

ஆங்கிலத்தின் துணைவினைகளில், அதாவது மஸ்ட், மே போன்ற இந்தச் சொற்களில், நடுத்தர உறுதிக்குச் சரியான ஆள் கிடையாது. மஸ்ட் ஆதாரம் கேட்கிறது. மே, மைட் இரண்டும் கதவைத் திறந்து வைப்பதோடு நின்றுவிடுகின்றன. நம்மவர்கள் ‘தாண்டியிருக்கும்’ என்பதை மனதில் வைத்துக்கொண்டு “மே ஹேவ் க்ராஸ்ட்” என்று எழுதும்போது, சொல்ல வந்ததைவிடப் பாதி உறுதிதான் போய்ச் சேர்கிறது. “மஸ்ட் ஹேவ் க்ராஸ்ட்” என்றால் தேவைக்கு மேலே போய்விடுகிறது.

இந்த இடத்துக்கு என் தேர்வு துணைவினையே அல்ல, ‘ப்ராபப்ளி’. “தி ட்ரக் ஹேஸ் ப்ராபப்ளி க்ராஸ்ட் வேலூர்.” எதிர்காலத்துக்கு “வில் ப்ராபப்ளி ரீச்”. இலக்கணப் பாடத்தில் துணைவினை அத்தியாயத்துக்கு வெளியே இருப்பதால் இது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. ஆனால் அன்றாட எழுத்தில் ‘இருக்கும்’ வரும் இடங்களில் பாதிக்கு மேல் இதுவே பொருந்தும் என்று தைரியமாகச் சொல்வேன்.

இதற்குப் போட்டியாக இரண்டு துணைவினைகள் உண்டு. ஒன்று ஷுட். “தி ட்ரக் ஷுட் ரீச் தி போர்ட் பை லெவன்.” திட்டப்படி நடந்தால் பதினொன்றுக்குப் போய்விடும் என்று பொருள். அட்டவணை, வழக்கம், கணக்கு ஏதாவது பின்னால் இருக்கும்போது ஷுட் நன்றாக அமைகிறது. ஆனால் அது நல்ல செய்திக்குச் சாய்ந்த சொல். “தி ட்ரக் ஷுட் பி ஆன் டைம்” இயல்பாக இருக்கிறது. “தி ட்ரக் ஷுட் பி லேட்” என்றால், தாமதமாக வருவதுதான் முறை என்பது போல விபரீதமாகக் கேட்கும். கெட்டதை எதிர்பார்க்கும்போது ஷுட் வேண்டாம், “வில் ப்ராபப்ளி பி லேட்” போதும்.

தமிழின் ‘இந்நேரம் வந்திருக்கணும்’ ஷுட்டுக்கு அச்சாகப் பொருந்துகிறது, அதன் சிக்கலையும் சேர்த்து. ‘வந்திருக்கணும்’ என்றால் வந்துவிட்டது என்ற ஊகமா, வரவில்லையே என்ற குறையா? “ஷுட் ஹேவ் ரீச்ட் பை நவ்” என்பதிலும் அதே இரட்டைப் பொருள் உண்டு. ஏஜென்ட் அதைக் குறையாகப் படித்துவிட்டு, நீங்கள் அவரைக் குற்றம் சொல்வதாக நினைக்கவும் வாய்ப்பு இருக்கிறது. எழுத்தில் அதைத் தவிர்க்கலாம். பேச்சில் குரலே வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று வில். அழைப்பு மணி அடிக்கிறது. “தட் வில் பி தி போஸ்ட்மேன்” என்கிறார் வீட்டுக்காரர். தினமும் அந்த நேரத்துக்கு அவர்தான் வருவார் என்று தெரிந்ததால் வந்த ஊகம் இது. மஸ்ட் கண் முன்னால் இருக்கும் தடயத்திலிருந்து வருவது, வில் ஏற்கெனவே தெரிந்த வழக்கத்திலிருந்து வருவது. நம் ‘தபால்காரராகத்தான் இருக்கும்’ என்பதற்கு வடிவத்தில் இது மிக அருகில் இருக்கிறது. ஆனால் இது இன்னும் கொஞ்சம் உறுதியானது, பேச்சுக்கு உரியது. தொழில்முறை மெயிலில் இந்த வில் வாக்குறுதியாகப் படிக்கப்படும் ஆபத்து இருப்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேயா, மைட்டா, குட்டா

மே பாதி வாய்ப்பு, மைட் அதைவிடக் குறைவு என்ற பாடத்தை மறந்துவிடலாம். பழைய இலக்கண நூல்கள் அப்படிச் சொன்னாலும் இன்றைய பேச்சிலும் எழுத்திலும் அந்த இடைவெளி பெரும்பாலும் இல்லை. தேர்வுக்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், மே அனுமதியையும் குறிக்கும். நம் ‘லாம்’ விகுதிக்கும் இதே குணம் உண்டு: ‘போகலாம்’ என்றால் போக அனுமதி, ‘நாளை மழை பெய்யலாம்’ என்றால் வாய்ப்பு. தமிழில் இது பெரிதாகக் குழப்புவதில்லை என்பதால் ஆங்கிலத்திலும் குழப்பாது என்று நினைத்துவிடுகிறோம். “தி ட்ரக் மே என்டர் த்ரூ கேட் டென்” என்று எழுதினால், பத்தாவது கேட் வழியாக வர அனுமதி என்றும் படிக்கலாம், அந்த வழியாக வரக்கூடும் என்றும் படிக்கலாம். விதிமுறை, ஒப்பந்தம், தொழில்நுட்ப ஆவணம் எழுதுபவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின் ஆவணம் எழுதும் விதிகள் மே என்பதை அனுமதிக்கு ஒதுக்கி, வாய்ப்பைக் கேன் என்று எழுதச் சொல்கின்றன. இணைய நெறிமுறைகள் எழுதுவோருக்காக 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2119 ஆவணத்தில் மஸ்ட் என்றால் கட்டாயம், ஷுட் என்றால் தக்க காரணம் இல்லாமல் மீறக் கூடாதது, மே என்றால் விருப்பம். மென்பொருள் துறையில் இருப்பவர்கள் அத்தகைய ஆவணத்துக்குள் “தி சர்வர் மஸ்ட் பி டவுன்” என்று ஊகம் எழுதினால், சர்வர் செயலிழந்தே கிடக்க வேண்டும் என்ற கட்டளையாகிவிடும்!

இரண்டாவது, கேள்வி கேட்கும்போது மே வாய்ப்பைக் குறிக்காது. “மே தி டிரைவர் பி ஸ்லீப்பிங்?” என்று யாரும் கேட்பதில்லை. “குட் தி டிரைவர் பி ஸ்லீப்பிங்?” என்பதே வழக்கம்.

ஆகவே லாரி மெயிலில், ஓட்டுநர் தூங்கியிருக்கலாம், வண்டி பழுதாகியிருக்கலாம் என்று இரண்டு வாய்ப்புகளையும் சொல்ல எது நல்லது? என் தேர்வு குட். “தி டிரைவர் குட் பி ரெஸ்டிங், ஆர் தி ட்ரக் குட் ஹேவ் ப்ரோக்கன் டவுன்.” பல காரணங்களை ஆராயும்போது ஒவ்வொன்றையும் மேசையில் வைக்கும் தொனி குட்டுக்கு இருக்கிறது. மைட்டும் தப்பில்லை. மே மட்டும் இங்கே கொஞ்சம் விறைப்பாக, அறிக்கைத்தனமாக ஒலிக்கும். ஆய்வுக் கட்டுரைக்கு அதே விறைப்பு பொருத்தமாகிவிடுகிறது. அங்கே மே என் முதல் தேர்வு.

கேன் மட்டும் இந்த வரிசையில் சேராது. “இட் கேன் ரெய்ன் டுமாரோ” என்ற வாக்கியத்தைத் தமிழர்கள் நிறைய எழுதுகிறார்கள். கேன் ஒன்றின் பொதுவான இயல்பைச் சொல்வது: “வேலூர் கேன் பி வெரி ஹாட் இன் ஏப்ரல்.” நாளைய மழை, இன்றைய லாரி போன்ற குறிப்பிட்ட ஒரு சம்பவத்துக்குக் குட், மைட், மே மூன்றில் ஒன்றுதான் வரும்.

சொல்லின் மங்கலால் வரும் நஷ்டம் சின்ன விஷயம் இல்லை. 1951-இல் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் ஓர் அறிக்கை, யூகோஸ்லாவியா மீது அந்த ஆண்டு தாக்குதல் நடக்க ‘சீரியஸ் பாசிபிலிட்டி’ இருப்பதாகச் சொன்னது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஷெர்மன் கென்ட்டிடம், அப்படியென்றால் எவ்வளவு என்று வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் கேட்டார். தாக்குதல் நடக்க 65, நடக்காமலிருக்க 35 என்றார் கென்ட். கேட்டவர் திடுக்கிட்டார், அவர் அதைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார். பிறகு கென்ட் அறிக்கையை ஒப்புக்கொண்ட தன் சகாக்களையே விசாரித்தபோது, 20-க்கு 80 முதல் 80-க்கு 20 வரை ஆளுக்கொரு கணக்கு இருந்தது. ஒரே சொற்றொடருக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். இதை அவரே 1964-இல் எழுதினார். இன்று ஐநாவின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி தன் அறிக்கைகளில் ‘லைக்லி’ என்றால் 66 முதல் 100 சதவீதம், ‘வெரி லைக்லி’ என்றால் 90 முதல் 100 என்று வரையறுத்தே எழுதுகிறது. எண்ணைக் கட்டுவதற்கு அவர்கள் மே, மைட் பக்கம் போகாமல் இந்தச் சொற்களை எடுத்துக்கொண்டது கவனிக்க வேண்டியது. உங்கள் மெயிலைப் படிப்பவர் பணத்தையோ கப்பலையோ இழக்கும் நிலையில் இருந்தால், துணைவினையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலும் போதாது. ஆதாரத்தையும் அடுத்த வாக்கியத்தில் எழுதிவிடுங்கள்.

இல்லை என்று ஊகிப்பது

அதிகத் தவறு நடக்கும் இடம் இதுதான். மஸ்ட்டுக்கு எதிர்ச்சொல் மஸ்ட் நாட் என்று கை தானாக எழுதிவிடும். “தி ட்ரக் மஸ்ட் நாட் க்ராஸ் வாலாஜா” என்றால் வாலாஜாவைத் தாண்டக் கூடாது என்ற தடை. தாண்டியிருக்க முடியாது என்ற ஊகத்துக்கு “கான்ட் ஹேவ் க்ராஸ்ட்”. செய்தி வரவில்லை, ஆகவே தாண்டியிருக்க முடியாது. அமெரிக்கர்கள் “மஸ்ட் நாட் ஹேவ்” என்பதையும் ஊகத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். “ஹி மஸ்ட் நாட் ஹேவ் சீன் மை மெசேஜ்” என்றால் பதில் வராததால் அவர் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று பொருள். கான்ட் ஹேவ் போட்டால் பார்த்திருக்க வழியே இல்லை என்று இன்னும் அழுத்தமாகும். அமெரிக்க வாடிக்கையாளரின் மெயிலில் முன்னதைப் பார்த்தால் தடை என்று பயந்துவிட வேண்டாம்.

ஆனால் கான்ட் ஹேவ் எழுதும் முன் ஒரு நொடி. ஃபாஸ்டேக் செய்தி தாமதமாக வருவதும் உண்டு. லாரி நெடுஞ்சாலையை விட்டு ஆற்காடு பக்கம் திரும்பியிருந்தால் வாலாஜா டோல்கேட்டையே தொடாமல் போயிருக்கும். இந்த இரண்டையும் நீங்கள் விலக்கவில்லை என்றால் மஸ்ட்டும் கான்ட்டும் இரண்டுமே விழுந்துவிடும், “ப்ராபப்ளி ஹேஸ் நாட் க்ராஸ்ட்” என்று இறங்கி வர வேண்டும். தமிழில் ‘தாண்டியிருக்காது’ என்ற ஒரே சொல் இந்த இரண்டு நிலைக்கும் போதுமானதாக இருப்பதால், ஆங்கிலத்தில் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை நாமே நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

“மே நாட்” தடையாகவும் படிக்கப்படும் என்பதால் ‘ஒருவேளை வராமல் போகலாம்’ என்பதற்கு மைட் நாட் சுத்தமான தேர்வு. குட் நாட் ஹேவ் வேறு கதை: அது வாய்ப்பே இல்லை என்று சொல்வது. “மைட் நாட் ஹேவ் சீன்” என்றால் பார்க்காமலும் இருந்திருக்கலாம். “குட் நாட் ஹேவ் சீன்” என்றால் பார்த்திருக்கவே முடியாது. உடன்பாட்டில் மைட்டும் குட்டும் கிட்டத்தட்ட ஒன்று, எதிர்மறையில் இரண்டும் வெகுதூரம். இதை ஒருமுறை மனதில் ஏற்றிக்கொண்டால் பல விபத்துகள் தவிரும்.

இன்சூரன்ஸ் கடிதத்தில் மட்டும்

லாரி வந்து, சரக்கு சேதமாகி, இழப்பீடு கேட்டு எழுதும் கடிதத்தில் மே ஹேவுக்கும் மைட் ஹேவுக்கும் உண்மையான வித்தியாசம் ஒன்று உண்டு. “த்ரீ பாக்ஸஸ் மே ஹேவ் பீன் டேமேஜ்ட்” என்றால் மூன்று பெட்டிகள் சேதமாகியிருக்கலாம், இன்னும் தெரியவில்லை. “மைட் ஹேவ் பீன் டேமேஜ்ட்”, “குட் ஹேவ் பீன் டேமேஜ்ட்” இரண்டும் அந்தப் பொருளைத் தரும், கூடவே ‘சேதமாகியிருக்கும், நல்லவேளை தப்பியது’ என்ற பொருளையும் தரும். சேதமாகவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக எதிர்த்தரப்பு அதைப் படிக்க இடம் கொடுக்கக் கூடாது. ஆகவே, ஆய்வுக் கட்டுரை தவிர நான் வேறெங்கும் அதிகம் பரிந்துரைக்காத மே, இந்தக் கடிதத்தில் முதல் தேர்வு. பெட்டியைத் திறந்து பார்த்தாகிவிட்டது என்றால் மேயும் வேண்டாம்: “த்ரீ பாக்ஸஸ் வேர் டேமேஜ்ட்” என்று எழுதி, புகைப்படத்தை இணைத்து அனுப்புங்கள்.